படலைக்கும் பள்ளிக்கும் இடையில்

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு நாட் காலை, மணி 6.45 இருக்கும். வடமராட்சியிலுள்ள எங்கள் வீட்டுப் படலையிற் கையை ஊன்றிக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்து நின்றேன். முதலில், பட்டணத்துப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான் வந்து ஒலியெழுப்பியது. 6 மணிக்கே ஏற்றப்பட்ட சிறுவர்கள் அதனுள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தனர். அடுத்து ஒரு மோட்டார் சைக்கிள்: தகப்பனுக்கு முன்னால் ஒரு குழந்தை, பின்னால் இன்னொன்று, கடைசியில் தாய். அதன்பின் ஓர் ஓட்டோ. அதனுள் எத்தனை பேர் என்பதைப் புத்தகப் பைகளை எண்ணித்தான் கணக்கிடவேண்டும். இவையெல்லாம் புழுதி கிளப்பிப் போனபின்னர் ஒரு தாய் தன் மகனைக் கையிற் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். அவனது பை அவள் தோளிலே தொங்கியது. அன்று நான் கண்டவர்களுள் அவள் ஒருத்தியே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள். மற்றவர்கள் அனைவரும் அப்பள்ளிக்கூடத்தின் வாயிலைக் கடந்து அப்பாற் போகிறவர்கள்.

36 ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்து 2012இல் ஓய்வுபெற்ற எனக்கு இது வெறும் வேடிக்கைக் காட்சியாகத் தோன்றவில்லை. பாடத்திட்டத்தைப் பற்றியும் பரீட்சையைப் பற்றியும் போதனா முறையைப் பற்றியும் நாம் எத்தனையோ கூட்டங்களிற் பேசியிருக்கிறோம். குழந்தை வகுப்பறையில் வந்து அமர்ந்ததன் பின்னர் நடப்பவைதாம் கல்வி என்பது நம்முடைய எண்ணம். அது வந்து அமர்வதற்கு முன்னர், வீட்டுப் படலைக்கும் பள்ளிக்கூட வாயிலுக்கும் இடையில் நடந்தது என்ன, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. வீட்டிலே கார் வைத்திருப்பவருக்கு அது 10 நிமிட விடயம். கார் இல்லாத வீட்டுக்கோ அது நாள்தோறும் பொழுதோடு விடியும் பிரச்சினை. அதைப்பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். அதிலே என் சொந்தக் குற்றம் ஒன்றும் கலந்திருக்கிறது. அதனையும் மறைக்கப் போவதில்லை.

1957ஆம் ஆண்டில், அந்நாளில் அரிவரி என்று வழங்கிய கீழ்வகுப்பில் என்னைச் சேர்த்தார்கள். பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து அரை மைல். ஊரிலே இரண்டு பேரிடந்தான் கார் இருந்தது. பள்ளிக்கூடம் போவதற்குக் கார் வேண்டும் என்ற நினைப்பு அந்த இரண்டு பேருக்குங்கூட இருந்ததில்லை. கலியாணத்துக்கும் ஆசுபத்திரிக்குமே கார். என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு சென்றவர் பக்கத்து வளவில் இருந்த பெரியக்கா. அவருக்கு அப்போது 10 வயது, 5ஆம் வகுப்பு. எங்கள் ஒழுங்கைச் சிறுவர்கள் 7 பேரையும் ஒவ்வொரு படலையிலும் நின்று கூப்பிட்டுச் சேர்த்து, வேலியோரமாக வரிசைப்படுத்தி, தாம் வெளிப்பக்கத்தில் நடந்து வருவார். வழியிலே மூன்று கண்டங்கள் இருந்தன: ஒரு கேணி, ஒரு நாய், ஒரு நாவல்மரம். கேணியிற் கல்லெறியவும், நாயைச் சீண்டவும், நாவற்பழம் பொறுக்கிச் சட்டையைக் கறையாக்கவும் எவரையும் விடமாட்டார். எங்கள் தாய்மாரின் பொறுப்பு படலையோடு முடிந்தது. வாத்தியாரின் பொறுப்பு பள்ளிக்கூட வாயிலிலே தொடங்கியது. இடையிலிருந்த அரை மைலுக்கு அந்தப் 10 வயதுச் சிறுமியே அதிகாரி. அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. நன்றி சொன்னதாகவும் எனக்கு ஞாபகமில்லை.

பள்ளிக்கூடம் அரை மைலில் இருந்ததும் தற்செயலன்று. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் ஊர்தோறும் சிறு பள்ளிக்கூடங்களைத் திறந்தனர். அதற்கு மறுமொழிபோல, 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1923இல் நிறுவப்பட்ட சைவ வித்தியாவிருத்திச் சங்கம் அப்பணியைக் கிராமங்களுக்குள்ளே கொண்டுசென்றது. ஒருவரோடொருவர் போட்டியிட்டதன் பயனாகக் குடாநாட்டின் பல ஊர்களிற் குழந்தையின் கால் எட்டும் தூரத்திற் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. அந்தச் சமயப் போட்டியைப் பற்றி அறிஞர்கள் எவ்வாறு தீர்ப்பளித்தாலும், 5 வயதுக் குழந்தையின் கால்கள் அதனால் நன்மை பெற்றன என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. அந்த வாயில்கள் எல்லாக் குழந்தைகளுக்கும் திறக்கவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் சில பள்ளிக்கூடங்களிற் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்ட இடங்களிலும் நிலத்திலே இருத்தப்பட்டனர். அவர்களுக்குச் சமஆசனம் வழங்கவேண்டும் என்று பணிக்கப்பட்டபோது, 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், அதனைப் பொறாதவர்கள் பள்ளிக்கூடங்களுக்குத் தீவைத்த கதைகளும் உண்டு. அக்குழந்தைகளுக்கு அருகிலிருந்த பள்ளிக்கூடமே எட்டாத தூரத்தில் இருந்தது. தூரம் என்பது மைலினால் மாத்திரம் அளக்கப்படுவதன்று.

நிற்க. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் போயிற்று, ஆனால் வழி போகவில்லை. பள்ளிக்கூடத்தினுள்ளே கல்வி இலவசம். அதன் வாயில்வரை வந்து சேர்வது அவரவர் பாடு. 1958ஆம் ஆண்டு தை மாதம் 1ஆம் திகதி பஸ் சேவைகள் தேசிய மயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. குறைந்த கட்டணத்திற் கிடைத்த மாணவர் பருவச்சீட்டினால் நானும், என்னைப்போன்ற பல்லாயிரவரும், தொலைவிலிருந்த கல்லூரிகளுக்குப் போய்ப் படித்தோம். 2005இல் மாணவருக்கென்றே 'சிசு செரிய' என்னும் பஸ் சேவையும் தொடங்கப்பட்டது. இவற்றின் பெருமையைக் குறைத்துப் பேசுவது நன்றிகேடு. ஆனால், பஸ் தெருவிலே ஓடுவது, ஒழுங்கைக்குள் வருவதன்று. அதன் மிதிபலகையின் உயரமும் 5 வயதுக் காலுக்கு ஏற்றதன்று. 12 வயதுப் பையனுக்குப் பஸ் போதும். 5 வயதுக் குழந்தைக்குப் பஸ்ஸோடு ஒரு மனிதரும் வேண்டும்.

இந்த இடத்தில் ஆசிரிய நண்பர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கவேண்டும். பள்ளிக்கூடம் போய்வரும் குழந்தைக்கு நாளொன்றுக்கு 2 பயணம். அதைக் கொண்டுபோய் விட்டு வீடு திரும்பி, மீண்டும் போய்க் கூட்டிவரும் தாய்க்கு 4 பயணம். பாடசாலை 7.30 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30 மணிக்கு முடிவது. கீழ்வகுப்புப் பிள்ளைகளை அதற்கும் முன்னரே விட்டுவிடுவதுண்டு. தோட்டத்திற் கூலிவேலை செய்யும் ஒரு பெண்ணின் பகல் இதனால் நடுவிலே முறிந்து இரண்டு துண்டாகிறது. அரை நாட் கூலியைக் கொடுத்தே அவள் தன் குழந்தையின் இலவசக் கல்வியை வாங்குகிறாள். பள்ளிக்கூடம் அரை மைலில் இருந்தால் இந்த இழப்பு சிறிது. 4 மைலில் இருந்தால் அது அவளால் தாங்க முடியாதது.

மைலுக்கு மைல் வேறுபாடும் உண்டு. 1976இல் எனக்கு முதல் நியமனம் மலையகத்திலே கிடைத்தது. அங்கே எங்கள் பள்ளிக்கூடம் ஒரு மேட்டின்மேல் இருந்தது. எதிர்மலையில் இருந்த லயத்திலிருந்து பார்த்தால், கையை நீட்டித் தொட்டுவிடலாம் போலத் தோன்றும். ஆனால் பிள்ளைகள் பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, தேயிலைச் செடிகளுக்கிடையே குறுக்குவழியில் ஏறி வரவேண்டும். தாயும் தகப்பனும் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே அங்கும் அக்காமாரே துணை. மழைநாளில் அவர்கள் வந்து சேரும்போது காலிலே அட்டை கடித்த இரத்தமும், சட்டையிலே முழங்கால்வரை ஈரமும் இருக்கும். முதற் பாடவேளை முழுவதும் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பார்கள். "ஏன் எழுதவில்லை?" என்று ஒரு சிறுவனை அதட்டினேன். "வெரல் மடங்கல சார்" என்றான். போதனா முறை பற்றிப் பயிற்சிக் கலாசாலையில் நான் கற்ற எதுவும் அந்த விடைக்கு மறுமொழியாக அமையவில்லை.

1980இல் மாற்றம் பெற்று, நான் படித்த அதே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியனாக வந்தேன். இனித்தான் என் குற்றத்தைச் சொல்லவேண்டும்.

1990ஆம் ஆண்டு என் மகன் முதலாம் வகுப்புக்கு வந்தான். எங்கள் வீட்டிலே கார் இல்லை; ஒரு றலி சைக்கிள்தான் சொத்து. அரை மைலில் நான் கற்பிக்கும் பள்ளிக்கூடம் இருந்தது. நான் அவனை அங்கே சேர்க்கவில்லை. 4 மைலுக்கு அப்பால், பட்டணத்திலிருந்த பெயர்பெற்ற கல்லூரியிற் சேர்த்தேன். காரணம் கேட்டவர்களுக்கு, "தகப்பனிடம் பிள்ளை படிக்கக்கூடாது" என்று நியாயம் சொன்னேன். உண்மைக் காரணம் அதுவன்று. என் மகன் பெரிய கல்லூரியிற் படிக்கிறான் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது.

காலை 6.15 மணிக்கு அவனைச் சைக்கிள் பாரிலே பூட்டிய சிறிய ஆசனத்தில் இருத்தி ஓட்டிச் செல்வேன். அவனை விட்டுவிட்டு 4 மைல் திரும்பி வந்து என் வகுப்புக்குப் போவேன். பிற்பகலில் மறுபடியும் 8 மைல். நான் போய்ச் சேரும்வரை அவன் கல்லூரி மதிலோரத்து வேப்பமரத்தின்கீழ்த் தனியே காத்திருப்பான். அவ்வாண்டு ஆனி மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. கார் வைத்திருந்தவர்கள் எஞ்சினுக்குச் சில துளி பெற்றோல் காட்டி, மண்ணெண்ணெயில் ஓட்டினர். அந்தப் புகை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. பெரும்பாலோருக்குச் சைக்கிளே காராகவும் பாரவண்டியாகவும் நோயாளர் வண்டியாகவும் ஆயிற்று. பொம்பர் விமானத்தின் இரைச்சல் கேட்டால், சைக்கிளை வேலியிற் சாய்த்துவிட்டு, எவர் வளவானாலும் புகுந்து பதுங்குகுழியில் இறங்குவோம். ஒலி அடங்கியதும் மகன் முதலிற் கேட்பது, "அப்பா, மணியடிச்சிருக்குமோ?" என்பதே.

அடுத்த ஆண்டில் ஒரு நாள், பாரில் இருந்தால் கால் விறைக்கிறது என்று அவன் அழவே, கரியரில் இருத்தினேன். பாதி வழியில் அவன் உறங்கிவிட்டான். கால் தொங்கிப் பின்சில்லுக் கம்பிகளுக்குள் அகப்பட்டது. சைக்கிள் நின்ற பின்னரே நான் திரும்பிப் பார்த்தேன். குதிக்காலில் 6 தையல். ஒரு மாதம் நடக்கக்கூடாது என்றார்கள். வீட்டிலே சும்மா இருக்கவேண்டாம் என்று நினைத்து, அந்த மாதம் அவனைத் தூக்கிச்சென்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருத்தினேன். அவன் மகிழ்ச்சியாக இருந்தான். ஒழுங்கைப் பிள்ளைகள் அவனைச் சூழ்ந்து இருந்தார்கள். இடைவேளையில் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க அவர்களுக்குள் போட்டி. அவன் படிப்பில் ஒரு குறைவும் நேர்ந்ததாக நான் காணவில்லை.

காயம் ஆறியது. நான் அவனை மறுபடியும் பட்டணத்துக்கு ஏற்றிச் சென்றேன்.

இரண்டு நாள் கழித்து, வெங்காயத் தோட்டத்திற் கூலிவேலை செய்யும் ஒரு பெண், என் வகுப்பிற் படித்த தன் மகளைக் கொண்டுவந்து விட்டபின் வாசலில் நின்றாள்.

"தம்பியை ஏன் மாஸ்ரர் திரும்பவும் அங்கை கொண்டுபோறியள்?"

"அவனுக்கு அங்கேதானே இடம்" என்றேன்.

அவள் சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்: "உங்கட பிள்ளைக்குக் காணாத பள்ளிக்கூடம் எங்கட பிள்ளைக்குக் காணுமோ?"

அவள் கோபத்தோடு கேட்கவில்லை, குத்தலாகவும் கேட்கவில்லை. மருந்து நல்லதா என்று பரியாரியிடம் கேட்பதுபோல, அறிந்துகொள்வதற்காகக் கேட்டாள். அவளிடம் சைக்கிள் இல்லை. நான் "காணும்" என்று சொல்லியிருந்தால், என் சைக்கிள் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கும். "காணாது" என்று சொல்லியிருந்தால், நான் வாங்கும் சம்பளம் சாட்சி சொல்லியிருக்கும். மணி அடித்தது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அந்த ஒரு சைக்கிளினால் என்ன நேர்ந்தது என்று பின்னாளில் எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆசிரியரின் பிள்ளை போகாத பள்ளிக்கூடத்துக்குக் கடைக்காரரும் தம் பிள்ளையை விடவில்லை. கடைக்காரரின் பிள்ளை போகாதபோது எழுதுவினைஞரும் விடவில்லை. மாணவர் குறையவே ஆசிரியர்களை வேறிடங்களுக்கு மாற்றினார்கள். ஆசிரியர் குறையவே எஞ்சிய பெற்றோரிலும் வசதியுள்ளவர்கள் விலகினார்கள். ஈற்றில், வாகனம் இல்லாதவர்களுக்கு மாத்திரம் உரிய இடமாகப் பள்ளிக்கூடம் சுருங்கிற்று. பாடசாலை நடந்து போய்விடவில்லை. அது நின்ற இடத்திலேதான் நின்றது. நாங்களே அதனைத் தூரமாக்கினோம்.

பட்டணத்துக்குப் போகும் பெற்றோரைப் பழிப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. ஆங்கிலத்துக்கு ஆசிரியர் இல்லை, சங்கீதத்துக்கு ஆசிரியர் இல்லை என்று அறிந்த பின்னரும் ஊர்ப்பற்றுக்காகப் பிள்ளையை விடு என்று ஒரு தாயிடம் கேட்பது நியாயமாகாது. அரசாங்கமும் இதனை உணராமல் இல்லை. முதலாந் தர அனுமதியில் 50 வீத இடங்களை அருகில் வசிப்போரின் பிள்ளைகளுக்கென்று சுற்றறிக்கை ஒதுக்குகிறது. அந்த விதியை வெல்வதற்காகப் பட்டணத்தில் வாடகைச் சீட்டுத் தேடுவோரையும் நாம் அறிவோம். 2016இல், அருகிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை என்னும் கருத்தைப் பெயராகக் கொண்ட திட்டமொன்றும் ஆரம்பிக்கப்பட்டது. பெயர் மிக நன்று. ஆனால், அப்பெயரை மெய்யாக்குவது கட்டடமும் வர்ணப்பூச்சும் அல்ல. நல்ல ஆசிரியர்கள் அங்கே நிலையாக இருக்கவேண்டும். அவர்களிற் சிலராவது தம் பிள்ளைகளையும் அங்கே இருத்தவேண்டும்.

வாகனத்தை நம்பிய ஏற்பாடு எவ்வளவு மெல்லியது என்பதை 2022ஆம் ஆண்டு நாடு முழுவதற்கும் காட்டிற்று. எரிபொருள் இல்லாமையால் ஆனி, ஆடி மாதங்களிற் பாடசாலைகள் மூடப்பட்டன. பின்னர் பங்கீட்டு முறை வந்தபோது, தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று அளந்தார்கள். வான்கள் ஓய்ந்தன, கட்டணம் ஏறியது. கொட்டிலிற் கிடந்த பழைய சைக்கிள்களுக்கு ஒட்டுப்போட்டுக் காற்றடித்து மறுபடியும் தெருவுக்கு இறக்கினார்கள். கார் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே ஒழுங்கையில் நடந்தார்கள். அக்காலத்தில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எஞ்சியிருந்த பிள்ளைகளுக்கு மாத்திரம், பாடசாலை திறந்த நாட்களில் எந்த இடரும் இருக்கவில்லை. அவர்கள் எப்போதும்போல் நடந்து வந்தார்கள்.

இப்போது முதலிற் சொன்ன காலைக் காட்சிக்குத் திரும்புகிறேன். அன்று நான் படலையில் நின்றது காரணமின்றி அன்று. என் மகனின் மகள் 2024இல் முதலாந் தரத்துக்குப் போகவேண்டியவள். எங்கே விண்ணப்பிப்பது என்று முதல்நாள் இரவு வீட்டிலே பேச்சு நடந்தது. மகனும் மருமகளும் வெவ்வேறு திசையில் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள்.

"மாமா, உங்கட காலம் வேறை. இப்ப போட்டி கூட" என்றாள் மருமகள். அவள் சொன்னதிலே பிழையில்லை.

மகன் ஒன்றும் பேசவில்லை. நெடுநேரத்தின் பின்னர், "அந்த வேப்பமரத்துக்குக் கீழை அவளை இருத்த எனக்கு விருப்பமில்லை" என்று மாத்திரம் சொன்னான். 33 ஆண்டுகளின் பின்னர் அந்த மரத்தைப் பற்றி அவன் வாய்திறந்தது அன்றுதான். காலிலே தைத்த 6 தையலே அவனுக்கு நினைவிருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். காத்திருந்த நேரம் அதனினும் ஆழமாகத் தைத்திருந்தது.

பேத்தியை ஊர்ப் பள்ளிக்கூடத்திற் சேர்த்தார்கள். இதனைக் கொள்கையின் வெற்றி என்று நான் பறைசாற்ற முடியாது. 4 பயணம் செய்ய வீட்டில் ஆளில்லை என்பதே பாதிக் காரணம். ஆங்கில ஆசிரியர் இன்னும் வந்தபாடில்லை; மாலையில் என்னாலியன்றதைச் சொல்லிக்கொடுக்கிறேன். 5ஆம் தரப் புலமைப்பரிசில் நெருங்கும்போது மருமகள் மனம் மாறவுங்கூடும். அதற்கு நான் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

ஆனால், பாடசாலை தொடங்கிய இரண்டாம் நாளே ஒன்று நடந்தது. நானும் பேத்தியும் படலையைத் திறந்து வெளியே வந்தபோது, மகனைக் கையிற் பிடித்துக்கொண்டு அந்தத் தாய் வந்தாள். "நான்தானே போகிறேன், பிள்ளையை விட்டிட்டு நீங்கள் வேலைக்குப் போங்கோ" என்றேன். அவள் தயங்கினாள், பிறகு பையை என்னிடம் தந்தாள். பையைப் பையனின் முதுகிலே மாட்டிவிட்டேன். அவனுடைய பை அவனுக்குச் சுமக்கக்கூடியதாகவே இருந்தது. இப்போது 5 பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். ஜப்பானிலே ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் மூத்த மாணவர் முன்செல்லக் கூட்டமாக நடந்து போவது பல ஊர்களில் வழக்கம் என்று படித்திருக்கிறேன். எங்கள் பெரியக்கா அதனை 1957இலேயே செய்தார். அதற்கு ஒரு பெயர் வைக்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

கேணி இப்போது தூர்ந்துவிட்டது. அந்த நாயின் வமிசம் இன்றும் அவ்விடத்திலேயே காவல் இருக்கிறது. நாவல்மரமும் நிற்கிறது. பழம் பொறுக்கிச் சட்டையைக் கறையாக்கவேண்டாம் என்று நானும் சொல்கிறேன்; பெரியக்காவின் சொல்லுக்கு இருந்த மதிப்பு என் சொல்லுக்கு இல்லை. பள்ளிக்கூட வாயிலில் அவர்களை விட்டுவிட்டுத் திரும்பும்போது, பட்டணத்து வான் எங்களைக் கடந்து போகும். முன்னொரு காலத்தில் அதே வாயிலைக் கடந்து ஒரு றலி சைக்கிள் போயிற்று. அந்தத் தாயின் கேள்விக்கு நான் அன்று விடை சொல்லவில்லை. இன்று விடை சொல்கிறேன் என்றும் துணிந்து கூறமாட்டேன். அவளுடைய மகளும் இப்போது பிள்ளை பெற்ற தாயாக எங்கோ ஒரு படலையில் நின்று வழிபார்த்துக்கொண்டிருப்பாள். ஆயினும் நாள்தோறும் காலையில் அந்த அரை மைலை நடக்கிறேன்.